ஏஃபெக்ஸ் ட்வின்: எங்கே தொடங்குவது, யாருக்கு எதைக் கொடுப்பது

இசைச் செயலியில் ஏஃபெக்ஸ் ட்வின் என்று தேடி, வந்த வரிசையில் நாலைந்து டிராக் கேட்டுப் பாருங்கள். ஒன்று இரண்டு நிமிடப் பியானோ. ஒன்று துருத்தி இழைவது போன்ற இசை. சோகமான ரீல்ஸ்களின் பின்னணியில் ஓடி ஓடி பிள்ளைகளுக்கெல்லாம் மனப்பாடம். இன்னொன்றில் ஒரு குரல் தொண்டை கிழியக் கத்தும், டிரம் தலைதெறிக்க ஓடும். இத்தனையும் செய்தவர் ஒரே ஆள். குழு கிடையாது, பாடகர் கிடையாது, பெரும்பாலும் தன் அறையைவிட்டு வெளியே வந்ததும் கிடையாது.

அதனால் “இவரோட பெஸ்ட் ஆல்பம் எது?” என்ற கேள்வியை இந்த அத்தியாயம் முடியும்வரை ஓரமாக வைத்துவிடலாம். எந்தக் காது, எந்த நேரம், எதில் கேட்கப்போகிறார் என்ற மூன்றும் தெரிந்தால்தான் இவரிடமிருந்து எதையாவது எடுத்து ஒருவர் கையில் கொடுக்க முடியும். தெரியாமல் கொடுத்தால் அவர் இந்தப் பக்கமே மறுபடி வரமாட்டார்.

ஆளைப் பற்றிக் கொஞ்சம்

ரிச்சர்ட் டேவிட் ஜேம்ஸ். 1971 ஆகஸ்ட் 18-ல் அயர்லாந்தின் லிமரிக்கில் பிறந்தார். வளர்ந்தது இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில், கார்ன்வாலின் லானர் கிராமத்தில். வெள்ளீயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டுவந்த வட்டாரம் அது. பள்ளிப் பருவத்திலேயே சிந்தசைசர்களைப் பிரித்து மாற்றிப் பூட்டப் பழகிவிட்டார். 1991-ல் நண்பர் கிரான்ட் வில்சன்-கிளாரிட்ஜுடன் சேர்ந்து ரெஃப்லெக்ஸ் என்ற லேபிளைத் தொடங்கினார். 1993 முதல் ஷெஃபீல்டில் பிறந்த வார்ப் லேபிளில் அவர் ஆல்பங்கள் வரத் தொடங்கின. பேட்டிகளில் கதை அளப்பதில் மன்னர். அவர் சொன்னதாகப் படித்ததை எல்லாம் நண்பர்களிடம் ஒப்பிக்காமல் இருப்பது உத்தமம்.

தேடுபவருக்கு உண்மையான தலைவலி அவருடைய பெயர்கள்தான். ஏ.எஃப்.எக்ஸ்., பாலிகன் விண்டோ, காஸ்டிக் விண்டோ, பவர்-பில், தி டஸ் எல்லாம் இவரே. செயலிகளில் இவற்றில் பலவும் தனித்தனிப் பக்கங்களாகக் கிடக்கும். ஏஃபெக்ஸ் ட்வின் பக்கத்தை மட்டும் பின்தொடர்ந்தால், 1993-ல் பாலிகன் விண்டோ பெயரில் வந்த ‘சர்ஃபிங் ஆன் சைன் வேவ்ஸ்’ கண்ணிலேயே படாது. 2005-ல் 11 தட்டுகளாக வந்த ‘அனலார்ட்’ வரிசையில் பெரும்பகுதி ஏ.எஃப்.எக்ஸ். பெயரில் இருக்கிறது. பழைய முறைதான் சிறந்தது: ஒரு தாளில் ஆண்டுவாரியாகக் கோடு போட்டு, பெயர், லேபிள், வடிவம் மூன்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இவர் ஒவ்வொரு முகமூடியையும் ஒருவித இசைக்கென்று ஒதுக்கிவைத்திருப்பது அப்போது புலப்படும். ஏ.எஃப்.எக்ஸ். என்று இருந்தால் அனேகமாகக் கரடுமுரடான ஆசிட் டெக்னோ.

எல்லாவற்றையும் சேகரித்துவிடலாம் என்று மட்டும் கிளம்பாதீர்கள். 2015-ல், பெயருக்குப் பதில் எண்கள் கொண்ட ஒரு சவுண்ட்கிளவுட் கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பழைய டிராக்குகளைக் கொண்டுவந்து கொட்டினார். காஸ்டிக் விண்டோ பெயரில் 1994-ல் வரவிருந்து நின்றுபோன ஆல்பத்துக்குச் சில சோதனைத் தட்டுகள் மட்டுமே இருந்தன. 2014-ல் அதில் ஒன்று விற்பனைக்கு வந்தபோது ரசிகர்கள் கூட்டாகப் பணம் போட்டு வாங்கி, டிஜிட்டலாக மாற்றிப் பகிர்ந்துகொண்டார்கள். பிறகு அந்தத் தட்டை ஏலத்தில் விட, ‘மைன்கிராஃப்ட்’ விளையாட்டை உருவாக்கிய மார்கஸ் பெர்சன் 46,300 டாலருக்கு எடுத்தார். இந்தப் பாதையில் போகிறவர்களுக்கு வேறு புத்தகம் வேண்டும்.

முதலில் உங்கள் காது

பிறருக்குச் சொல்வதற்கு முன் நீங்கள் முழுதாகக் கேட்டிருக்க வேண்டியவை நான்கைந்துதான். கேட்கும் முன் செய்ய வேண்டியது ஒன்று: ஃபோன் ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். அந்தச் சின்னஞ்சிறு ஸ்பீக்கர் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஊமை. இவருடைய இசையில் பாதி வேலை அதற்கும் கீழேதான் நடக்கிறது. சினிமாப் பாட்டில் பேஸ் போனாலும் குரல் நம்மைக் கரை சேர்த்துவிடும். இங்கே பெரும்பாலும் குரல் இல்லை, பேஸும் போய்விட்டால் மிஞ்சுவது டிக்டிக் சத்தம். சாதாரண வயர் இயர்ஃபோன் போதும். ஷஃபிளையும், ஒரு டிராக்கின் வாலில் அடுத்ததன் தலையை ஒட்டும் கிராஸ்ஃபேட் வசதியையும் அணைத்துவிடுங்கள்.

தொடங்க வேண்டியது ‘செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் 85–92’. பெல்ஜியத்தின் ஆர் அண்ட் எஸ் நிறுவனத்தின் கிளையான அப்போலோ லேபிளில் 1992-ல் வந்தது. 13 டிராக், ஏறத்தாழ 75 நிமிடம். தலைப்பை நம்பினால் இதில் சிலவற்றை அவர் 14 வயதில் செய்திருக்க வேண்டும். முதல் டிராக் ‘எக்ஸ்டல்’. ஹை-ஹேட்டின் மெல்லிய சீறல். பின்னால் சொல் இல்லாத ஒரு பெண் குரல், அடுத்த அறையில் யாரோ தனக்குத்தானே முனகுவதுபோல. எல்லாவற்றின் மேலும் கேசட்டின் இரைச்சல் மெல்லிய பனியாகப் படிந்திருக்கும். ஒலிப்பதிவுத் தரம் என்று பார்த்தால் சுமார்தான். ஆனால் அந்த இரைச்சலைத் துடைத்துவிட்டால் பாட்டே போய்விடும்.

நமக்கு இங்கே ஒரு பழக்கம் குறுக்கே நிற்கும். பல்லவி எப்போது வரும், சரணம் எப்போது முடியும் என்று நம் காது தானாகவே காத்திருக்கும். இங்கே பல்லவி வராது. நாலைந்து இழைகள் சுற்றிச் சுற்றி வரும். எட்டு சுற்றுக்கு ஒருமுறை ஒன்று சேரும், ஒன்று விலகும். எது எப்போது சேர்ந்தது, எப்போது போனது என்று பின்தொடர்வதுதான் கேட்கிற வேலை. ‘புன்னகை மன்னன்’ தீம் இசையைப் பாட்டில்லாமல் தனியாகக் கேட்டு ரசித்தவர்களுக்கு இது ஒன்றும் அன்னியம் இல்லை.

அடுத்து ‘ரிச்சர்ட் டி. ஜேம்ஸ் ஆல்பம்’, 1996. பத்து டிராக், 33 நிமிடம்தான். அட்டையில் அவர் முகம், பற்கள் தெரியச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் நட்பு தேட வேண்டாம். ‘கேர்ள்/பாய் சாங்’கில் மேலே வயலின்கள் நிதானமாக நடக்கும், கீழே டிரம், கைகொண்டு யாரும் வாசிக்க முடியாத வேகத்தில் சில்லு சில்லாகச் சிதறும். முதல் முறை டிரம்மை மட்டும் கேட்பீர்கள், எரிச்சலாக இருக்கும். மறுமுறை வயலினைப் பிடித்துக்கொண்டு போங்கள், டிரம் தானாகப் பின்னால் வரும். என்னைக் கேட்டால் அவருடைய முழுமையான வேலை இதுதான். பலர் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

1997-ல் வந்த ‘கம் டு டாடி’ சிறு ஆல்பத்தை வரிசை மாற்றாமல் கேளுங்கள். கத்திக் கூப்பாடு போடும் தலைப்பு டிராக் முடிந்த மறுநொடி ‘ஃப்ளிம்’ வரும். மூன்று நிமிடத்துக்கும் குறைவு. குழந்தைகளின் இசைப்பெட்டியிலிருந்து வருவது போன்ற மெட்டு. பின்னால் ‘தி பேட் பிளஸ்’ என்ற அமெரிக்க ஜாஸ் மூவர் அதைப் பியானோ, பேஸ், டிரம்மில் வாசித்துப் பதிவுசெய்தார்கள். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்ததில்தான் இந்த ஆளின் குணமே இருக்கிறது.

‘டிரக்ஸ்’ (2001) இரட்டை ஆல்பம், 30 டிராக். இதை ஒரே மூச்சில் கேட்பதாகச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை. பியானோத் துண்டுகளும் காட்டு டிரம்களும் மாறி மாறி வரும். இரண்டையும் தனித்தனிப் பிளேலிஸ்ட்டாகப் பிரித்துக் கேட்டுப் பழகி, பிறகு மூல வரிசைக்குப் போங்கள். சுத்தக்காரர்கள் கோபிப்பார்கள், கோபிக்கட்டும். ‘ஏவ்ரில் 14த்’ இங்கேதான் இருக்கிறது. கம்ப்யூட்டர் கட்டளைக்குக் கட்டைகள் தாமே அழுந்தும் யமஹா டிஸ்க்ளேவியர் பியானோவில் பதிவானது. ஹெட்ஃபோனில் உற்றுக் கேட்டால் ஸ்வரங்களுக்கு அடியில் கட்டைகள் எழுந்து விழும் டக்டக் சத்தமும் கேட்கும். சோஃபியா கப்போலா தன் ‘மேரி ஆன்டனெட்’ படத்தில் இதை வைத்தார்; கான்யே வெஸ்ட் 2010-ல் தன் பாட்டு ஒன்றுக்கு எடுத்தாண்டார்.

பதின்மூன்று ஆண்டுகள் ஏஃபெக்ஸ் ட்வின் பெயரில் முழு ஆல்பம் இல்லை. 2014 ஆகஸ்டில் லண்டன் வானத்தில் அவருடைய சின்னம் பொறித்த பச்சை நிற வான்கப்பல் ஒன்று மிதந்தது. அடுத்த மாதம் ‘சைரோ’ வந்தது. அட்டையில் படம் இல்லை, அந்த ஆல்பத்துக்கான செலவுக் கணக்குதான் அச்சாகியிருந்தது. அடுத்த ஆண்டு கிராமி விருதும் வாங்கியது. ஆடவைக்கும் ஆல்பம், ஒலிப்பதிவு துல்லியம். நல்ல ஸ்பீக்கர் இருக்கும் வீட்டுக்குப் போனால் முதல் டிராக்கைப் போடச் சொல்லுங்கள்.

‘செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ் வால்யூம் 2’ (1994) பற்றி ஒரு எச்சரிக்கை. பெயரைப் பார்த்து முதல் தொகுதியின் தொடர்ச்சி என்று நினைத்து வாங்கியவர்கள் அன்று திகைத்துப்போனார்கள். டிரம் அனேகமாக இல்லை. இரண்டரை மணி நேரம், மூச்சு விடுவது போன்ற ஒலிகள். ஒரே ஒரு டிராக்கைத் தவிர எதற்கும் பெயர் கிடையாது. பெயருக்குப் பதில் புகைப்படங்கள். அந்தப் படங்களைப் பார்த்து ரசிகர்கள் வைத்த பெயர்கள்தான் இன்று புழங்குகின்றன. யாராவது ‘ரூபார்ப்’ என்றால் செயலியில் 3 என்ற எண் போட்டிருப்பதைத் தேடுங்கள். பழைய சி.டி.யில் இடம் இல்லாமல் விடுபட்ட ‘ஸ்டோன் இன் ஃபோகஸ்’ 2024-ல் வந்த விரிவாக்கப் பதிப்பில் சேர்ந்திருக்கிறது. “தூங்கறதுக்கு நல்ல மியூசிக்” என்று இதை முழுசாக யாருக்கும் பரிந்துரைக்காதீர்கள். 3ஆம் எண் தாலாட்டும். வேறு சில, இருட்டில் தனியாகக் கேட்டால் எழுந்து விளக்கைப் போடவைக்கும்.

இனி மற்றவர் காது

தமக்குப் பிடித்ததைச் சொல்லும்போது பெரும்பாலானவர்கள் செய்வது பசியோடு வந்தவனிடம் மளிகைக் கணக்கை நீட்டுவது. எட்டு ஆல்பம், மூன்று புனைபெயர், ‘இன்டெலிஜென்ட் டான்ஸ் மியூசிக்’ என்ற பிரிவின் வரலாறு, “இவர்தான்டா எல்லாருக்கும் அப்பன்” என்ற தீர்ப்பு, எல்லாம் ஒரே செய்தியில். படிப்பவர் ஒரு கட்டைவிரலைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். மேதை என்று சொல்லி அனுப்பினால் இன்னும் மோசம்; கேட்பவர் இசையை விட்டுவிட்டு மேதைமையைத் தேட ஆரம்பித்துவிடுவார்.

ஒரு டிராக் மட்டும் அனுப்புங்கள். எவ்வளவு நேரம், எப்போது கேட்க வேண்டும், எதில் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்ற நாலும் அதில் இருக்கட்டும். நண்பனுக்கு என்றால் இப்படி:

“மச்சி, ஏவ்ரில் 14த்-னு ஒரு பியானோ. 2 நிமிஷம்தான். ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடி ஹெட்ஃபோன்ல கேளு. பியானோக் கட்டை விழற சத்தம் கேக்குதா பாரு.”

இதில் புகழ்ச்சி ஒன்றும் இல்லை. ஆனால் கட்டைச் சத்தத்தைத் தேடவாவது அவன் கடைசிவரை கேட்பான். மிருதங்கம் வாசிக்கும் பெரியவர் ஒருவருக்கு என்றால் தொனி மாறும், டிராக்கும் மாறும்:

“சார், ‘வோர்தோஸ்பன்’னு ஒண்ணு அனுப்பறேன். டிரம்ம மட்டும் கவனிங்க. சமம் எங்க விழுதுன்னு எனக்குப் பிடிபடல. நீங்கதான் சொல்லணும்.”

தாளம் தெரிந்தவரிடம் மெட்டைக் காட்டி மயக்கப் பார்க்கக் கூடாது. கணக்கைக் கொடுங்கள், அவர் தொடையில் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். கேள்வியாக அனுப்பியதால் பதில் சொல்லியாக வேண்டிய கடமையும் வந்துவிடுகிறது.

இரவில் படிப்பவர், கோட் எழுதுபவர், டிசைன் செய்பவர் ஆகியோருக்கு 85–92 ஆல்பத்தை அப்படியே கொடுக்கலாம், கேள்வியே வேண்டாம். பியானோ கற்கும் பிள்ளைகளுக்கு ‘ஏவ்ரில் 14த்’. அதற்குப் பிறகு ‘சைரோ’வின் கடைசி டிராக்கான ‘ஐசட்சனா’, அங்கிருந்து எரிக் சாட்டியின் ‘ஜிம்னோபெடி’க்குத் தாவிவிடலாம். கனமான மெட்டல் ராக் கேட்பவரிடம் பியானோவை நீட்டினால் சிரிப்பார். அவருக்குத்தான் ‘கம் டு டாடி’.

அதன் வீடியோவை மட்டும் யாருக்கும் முதலில் அனுப்பாதீர்கள். கிறிஸ் கன்னிங்ஹாம் இயக்கியது. குழந்தைகளின் உடலில் எல்லாம் இவருடைய முகம் இளிக்கும். அருமையான வேலைதான். ஆனால் பார்த்தவர் மனதில் அந்த முகம் உட்கார்ந்துவிடும், அதன்பின் ‘ஃப்ளிம்’ கேட்டாலும் அதுவே தெரியும். 1999-ல் வந்த ‘விண்டோலிக்கர்’ வீடியோவுக்கும் இதே விதி. அந்தத் தட்டில் வேறொரு வேடிக்கை இருக்கிறது. கணிதச் சமன்பாடு ஒன்றையே பெயராகக் கொண்ட இரண்டாவது டிராக்கை, ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராம் மென்பொருளில் ஓடவிட்டால் கடைசிப் பகுதியில் ஒரு முகம் தோன்றும். அவர் முகம்தான், வேறு யார்? இன்ஜினியரிங் மாணவர்களுக்கு இசையைவிட இந்தச் செய்தி சீக்கிரம் வேலை செய்யும். படத்தைப் பார்க்க வந்தவர்கள் சத்தத்தையும் கேட்டுத்தானே ஆக வேண்டும்.

சபாக் கச்சேரிக் காது உள்ளவர்களுக்கு நேரே இவரைக் கொடுக்க வேண்டாம், வழியில் ஒரு திண்ணை இருக்கிறது. மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் டி.பி.-303 பேஸ் இயந்திரம், டி.ஆர்.-808 டிரம் மெஷின், ஜூபிடர்-8 சிந்தசைசர் மூன்றையும் வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்தார். அன்று யாரும் சீந்தவில்லை. ஆசிட் இசைக்கு வழிவகுத்த ‘ஆசிட் டிராக்ஸ்’, சிகாகோவில் அதே 303-ஐ முறுக்கி வெளிவந்தது 1987-ல்தான். 2010-ல் மறுபதிப்பு வந்த பிறகுதான் சரண்ஜித்தின் தட்டு உலகெங்கும் பேசப்பட்டது. ராகம் தெரிந்தவருக்கு அங்கே கால் ஊன்ற இடம் கிடைக்கும். 303-இன் அந்தக் குழைவும் நெளிவும் காதுக்குப் பழகிவிடும். பிறகு ‘அனலார்ட்’ தட்டுகளிலிருந்து பத்து டிராக்குகளைப் பொறுக்கித் தொகுத்த ‘சோசன் லார்ட்ஸ்’ (2006) கொடுத்தால் இயந்திரத்தை அவரே அடையாளம் கண்டுகொள்வார்.

அனுப்பிய பிறகு வாயை மூடிக்கொள்ள வேண்டும். இதுதான் கஷ்டம். “கேட்டியா?” என்று மறுநாளே கேட்டால் “ம்ம், நல்லாருக்கு” என்ற பொய் வரும். பத்து நாளானாலும் விட்டுவிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் வாதாட வேண்டாம். இன்னொரு பக்கத்துக் கதவை ஒரே ஒருமுறை திறந்து காட்டலாம்: டிரம் பிடிக்காதவருக்கு பியானோ, பியானோவில் தூங்கிவிட்டவருக்கு டிரம். அதற்கும் அசையவில்லை என்றால் நல்ல நட்பைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். குடும்பத்தோடு போகும் காரில் பாட்டுப் போடும் பொறுப்பு உங்கள் கைக்கு வந்தாலும் இவரைப் போடாதீர்கள். ரோட்டுச் சத்தம் பேஸை விழுங்கிவிடும், மிச்சத்தை மாமா விழுங்கிவிடுவார்.

“இதே மாதிரி வேற இருக்கா?” என்று அவராகத் திரும்பி வந்தால் எதைப் போல என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். எக்ஸ்டலின் பனிமூட்டம் பிடித்தவருக்கு ‘போர்ட்ஸ் ஆஃப் கனடா’, சில்லுச்சில்லான டிரம் பிடித்தவருக்கு முதல் ஆல்பத்தை ரெஃப்லெக்ஸில் வெளியிட்ட ஸ்க்வேர்புஷர், அசையாத ஒலிகள் பிடித்தவருக்கு பிரையன் ஈனோவின் ஆல்பம் ‘மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்’. ஏஃபெக்ஸ் ட்வினிலேயே முழு ஆல்பம் ஒன்று வேண்டும் என்றால் ‘...ஐ கேர் பிகாஸ் யூ டூ’ (1995) சரியான அடுத்த படி. அட்டையில் உள்ள ஓவியம் அவரே தன்னை வரைந்தது. பத்தாவது டிராக் ‘ஆல்பெர்ட்டோ பால்சம்’ ஒன்றுக்காகவே வாங்கலாம். ஆனால் கொடுக்கும்போது ஐந்தாவது டிராக்கைப் பற்றிச் சொல்லிவிடுங்கள். பெயர் ‘வென்டோலின்’, நம்மூரில் அஸ்தாலின் என்று வாங்குகிறோமே, அதே ஆஸ்துமா மருந்து. தொடக்கம் முதல் காதைத் துளைக்கும் விசில் சத்தம் ஒன்று விடாமல் ஓடும். ஹெட்ஃபோன் மாட்டியிருந்தால், நாலாவது முடியும்போதே வால்யூமைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.